வேலை செய்யாத நொதியமும் நொதியம் டீச்சரும்

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள், மேசையில் கீறி வைப்பார்கள்: 'நொதியம் டீச்சர்.' கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நொதியம் என்றால் வேறொன்றுமில்லை, என்சைம் என்கிறோமே, அதுதான். உடம்புக்குள் வேலைகளை முடுக்கிவிடுகிற புரதம். அந்தப் பாடம் வந்தால் ஆளுக்கொரு துண்டு பாண், பிரெட்தான், கொடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள் என்பேன். கொஞ்ச நேரத்தில் பாண் இனிக்கும். எச்சிலில் இருக்கிற நொதியம் மாப்பொருளைச் சீனியாக்குகிறது என்று அப்போது விளக்குவேன். வருடா வருடம் பாண் வாங்கிக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த பெயர் அது.

அப்படிப்பட்ட என்னை, வேலையே செய்யத் தெரியாத ஒரு நொதியம் வந்து ஆட்டிப்படைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். தலையில் மயிர் திரும்ப முளைத்து, சீப்புப் பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. சோறு சோறாக ருசிக்கிறது. இதை வாசிக்கிற யாராவது ஒருத்தி நாளைக்கு அந்தக் கிளினிக் கதிரையில் உட்கார வேண்டிவரலாம், அவளுக்காக எழுதுகிறேன். அனுதாபம் தேடி இல்லை. அது எனக்குத் தாராளமாகக் கிடைத்துவிட்டது, அப்பிள் பழங்களோடு சேர்த்து.

சேலைக்கு ஊசி குத்தும்போதுதான் கை பட்டது. இடது மார்பின் வெளிப்பக்கம், ஒரு கஜுக் கொட்டை, அதாவது முந்திரிப்பருப்பு அளவு. நோவு இல்லை. நோவாவது இருந்திருந்தால் ஏதோ சீழ்க்கட்டி என்று மனதைத் தேற்றியிருப்பேன். நோவில்லாத கட்டியைச் சும்மா விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே அதைச் சும்மா விட முடியுமா? அன்று பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே டொக்டரிடம் போனேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், மற்ற எதிலும் நான் நல்ல உதாரணம் இல்லை.

பிறகு சோதனைகள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுத்தார்கள், அது மெமோகிராம். ஸ்கேன் செய்தார்கள். தடித்த ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள், அது பயொப்சி. ஊசி பெரிதாக நோகவில்லை. அதற்குப் பிறகு முடிவுக்காகக் காத்திருந்ததுதான் நொந்தது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இதை அழகாகச் சொல்ல வேறு வார்த்தை தேடவில்லை, வெறும் பயம்தான்.

என் வீட்டுக்காரர் பெயர் செல்வம். கட்டுகஸ்தோட்டையில் பேன், அயன், ரேடியோ திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். உடைந்தது எதையும் அவரால் உடைந்தபடி விட்டுவைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கேட்டின் கொண்டி கழன்றிருந்தால்கூட, கேட்காமலே போய்ப் பூட்டிவிட்டு வருவார். அந்தக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த கதிரைக் காலை ஒரு கடதாசித் துண்டை மடித்து வைத்துச் சரிசெய்தார்.

எங்களுக்கு வாய்த்த டொக்டர் வதனி யாழ்ப்பாணத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். சுற்றிவளைக்காமல் பேசுகிறவர்.

"டீச்சர், உங்களுக்கு வந்திருக்கிறது மார்புப் புற்றுநோய். கக்கத்தில ஒரு நிணநீர்க் கணுவுக்கும் போயிருக்கு. வேற இடத்துக்குப் போனதாத் தெரியேல்லை. சுகப்படுத்தலாம் எண்டுதான் நான் நினைக்கிறன். முதல்ல மருந்து, பிறகு ஒப்பரேசன்."

எனக்குக் 'கணு' வரைதான் கேட்டது. மிச்சத்தையெல்லாம் செல்வம்தான் பிறகு பஸ்ஸில் சொன்னார். டொக்டர் தொடர்ந்து ஏதேதோ விளக்கிக்கொண்டு போனார். கட்டியில் ஹேர்-டூ என்றொரு புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறதாம், கலத்தின் வெளிச்சவ்வில் நிற்குமாம். நாங்கள் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் உயிரணு என்பார்கள். "அதுவும் ஒரு நொதியம்தான்," என்றார்.

நொதியம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அறைக்குள் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வந்த மாதிரி இருந்தது.

"விவரமாச் சொல்லுங்க டொக்டர். நான் அதைத்தான் படிப்பிக்கிறேன்."

டொக்டர் ஸ்கேன் உறையைத் திருப்பிப் போட்டு, பேனையால் ஒரு சுவர் கீறி, அதில் இரண்டு ஆட்களைக் கீறினார்.

"இவர் ஹேர்-டூ. இவருக்கு வேலை தெரியும். ஆனா வெளியில இருந்து வாற கட்டளை இவருக்குக் கேக்காது. பக்கத்தில நிக்கிறவர் ஹேர்-த்ரீ. இவருக்குக் கட்டளை நல்லாக் கேக்கும், ஆனா வேலை செய்யேலாது."

"ஏலாதுன்னா? அதுவும் நொதியந்தானே?"

"பாத்தா நொதியம்தான். அதே வடிவம், அதே மடிப்பு. ஆனா உயிர்ப்பு மையம் கிட்டத்தட்டச் செத்துப்போச்சு. போலி நொதியம் எண்டு சொல்லுவினம்."

உயிர்ப்பு மையம் என்பது நொதியத்தில் வேலை நடக்கிற குழி. பூட்டில் சாவித் துவாரம் மாதிரி என்று நாங்கள் படிப்பிப்போம்.

"உயிர்ப்பு மையம் இல்லாட்டி அது நொதியமே இல்ல டொக்டர்," என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. புற்றுநோய் என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நான் டொக்டரோடு பாடத்திட்டச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் சிரித்துவிட்டார். "நானும் உப்பிடித்தான் படிச்சனான், டீச்சர். வேலை செய்யாததுதானே எண்டு கனகாலம் அதை ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை. ஆனா இந்த ரெண்டும் சோடி சேர்ந்தா, அதைவிட மோசமான சோடி இல்லை. ஒருத்தருக்குக் காது, மற்றவருக்குக் கை. வளர், பெருகு, சாகாதை, இடம் மாறு எண்டு கலத்துக்குள்ள கட்டளை போய்க்கொண்டே இருக்கும். உங்கட கக்கம் வரைக்கும் போனதும் உப்பிடியான கட்டளையாலதான் இருக்கும்."

எனக்கு அந்த இடத்தில் சட்டென்று விளங்கிவிட்டது. என் அப்பா மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். கங்காணி ஒரு கொழுந்தும் கிள்ளமாட்டார், குடையை இடுக்கிக்கொண்டு மலையில் நிற்பார். கிள்ளுவதெல்லாம் பெண்கள். ஆனால் துரையின் உத்தரவைக் கேட்டு வந்து, இன்னாருக்கு இந்த நிரை என்று பிடித்துக் கொடுக்க அவர் இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு கூடையும் நிறையாது.

"அப்ப கங்காணின்னு சொல்லுங்க," என்றேன்.

டொக்டர் பேனையால் இரண்டாவது ஆளைத் தட்டிக் காட்டினார். "ஓம், கங்காணிதான். உங்களுக்குத் தரப்போறது ரெண்டு ஊசி. முதலாவது வேலைக்காரனை மடக்கும். ரெண்டாவது, வேலைக்காரனும் கங்காணியும் கைகோக்கிற இடத்தில போய் இருந்துகொள்ளும், சோடி சேர விடாது. இதோட சாதாரண கீமோவும் தருவம்."

அந்த இரண்டு ஊசிகளும் பிறபொருளெதிரிகள், அன்டிபொடி என்கிறார்களே, அதுதான். கிருமி வந்தால் உடம்பு தானே செய்கிற ஆயுதத்தை, இதற்கென்று வெளியில் செய்து புட்டியில் அடைத்திருக்கிறார்கள். முதலாவது ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. இரண்டாவது அப்போது அங்கே இருக்கவில்லை, கொழும்பிலிருக்கிற என் தம்பி ஓடித் திரிந்து ஏற்பாடு செய்தான். பணக்கதையை எழுதமாட்டேன், எல்லோர் வீட்டிலும் அது ஒரே கதைதான்.

எழும்பும்போது டொக்டர் ஒன்று சொன்னார். மருந்துச் சுற்றுகள் முடிந்து ஒப்பரேசன் செய்யும்போது, வெட்டியெடுத்த சதையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார்களாம். அதில் புற்றுநோய்க் கலம் ஒன்றும் மிஞ்சாமல் இருந்தால், அது திரும்பி வருகிற வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். மிஞ்சியிருந்தால் சண்டை இன்னும் நீளும். அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் இருந்த ஒரே பரீட்சை அதுதான்.

மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, ஒரு சுற்று. விடியவே போய் இரத்தம் கொடுத்து, அதன் முடிவு சரியாக இருந்தால்தான் கட்டிலில் படுக்கவிட்டு ஊசி ஏற்றுவார்கள். ஹேர்-டூவை மடக்குகிற மருந்து இதயத்தைக் கொஞ்சம் களைக்க வைக்கலாம் என்பதால் இடைக்கிடை எக்கோ என்று இதயத்தையும் ஸ்கேன் செய்வார்கள். முதல் நாள் என் கையில் நரம்பு தேடிய மிஸ்ஸி, நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், சிங்களப் பெண். "பய வென்ன எப்பா, டீச்சர்," பயப்படாதீங்க, என்று சொல்லிக்கொண்டே குத்தினார். அவர் சொன்னதற்காகவே நான் பயப்படாமல் இருக்கப் பார்த்தேன். முழுக்க முடியவில்லை.

மருந்து என்னை நன்றாகவே புரட்டிப்போட்டது. ஓங்காளம், வயிற்றோட்டம், வாய்ப்புண். தேங்காய்ச் சம்பல் இரும்பு மாதிரி ருசித்தது. மயிர் கொட்டத் தொடங்கியதும், வீடெல்லாம் கூட்டித் திரிய எனக்குப் பொறுமை இல்லை, செல்வத்திடம் கத்தரிக்கோலையும் ரேசரையும் கொடுத்தேன். கடையில் வயரின் தோலை உரிக்கிற அதே கவனத்தோடு என் தலையை வழித்தார். வழித்து முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "காது அழகா இருக்கு கலா," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் காதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. நான் அழுதேன், பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த கட்டிலில் எனக்கு வாய்த்தவர் மடவளையிலிருந்து வருகிற பரீதா தாத்தா. தாத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் அக்கா. இது தெரியாத என் சித்தி ஒருத்தி இந்தியாவிலிருந்து போனில் பேசும்போது, 'ஆம்பிளையை ஏன் உன் பக்கத்துல படுக்க வச்சாங்க' என்று பதறிவிட்டார். தாத்தாவுக்கும் மார்பில்தான் நோய், வேறு வகை. வரும்போது ஒரு பெட்டி நிறைய வட்டிலாப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு, கொண்டுவருவார். அவராலும் சாப்பிட முடியாது, என்னாலும் முடியாது. மிஸ்ஸிமார் சாப்பிடுவார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். "அவங்க திண்டாலும் நமக்குத்தான் புள்ள நன்மை," என்பார்.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் குளிக்கும்போது கட்டியைத் தேடினேன். கை போன இடத்தில் அது இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தபோது பாசிப்பயறு அளவில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. குளியலறைக்குள் நின்று, "செத்தியா கங்காணி!" என்று சத்தம் போட்டேன். செல்வம் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கதவை உடைக்கப் பார்த்தார்.

ஆனால் சந்தோஷத்தை அவ்வளவு சீக்கிரம் கொண்டாட விடுமா? நாலாவது சுற்றுக்குப் போன அன்று, டொக்டர் இரத்த முடிவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"டீச்சர், ஈரல் நொதியங்கள் கனக்கக் கூடிப்போச்சு. இண்டைக்கு மருந்து ஏத்தேலாது."

ஈரலின் கலங்களுக்குள் சில நொதியங்கள் இருக்கின்றன. கலம் அடிபட்டு உடைந்தால் அவை இரத்தத்தில் கசியும். கசிவதை அளந்து ஈரலுக்கு எவ்வளவு அடி என்று கணக்குப் பார்ப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மார்பிலிருந்து இந்த நோய் போகிற இடங்களில் ஈரலும் ஒன்று என்பதையும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"என்னத்தையும் குடிச்சனீங்களோ? நாட்டு மருந்து, தூள், கசாயம்?"

"இல்ல டொக்டர். ஒண்ணுமே இல்ல." பொய் சொல்லவில்லை. காலையில் செல்வம் பிளாஸ்கில் தருகிற கொத்தமல்லித் தண்ணீர் என் நினைப்பிலேயே வரவில்லை. எங்கள் பக்கத்தில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பது மருந்துக் கணக்கில் சேராது. சளி, தடிமன் என்றாலும் குடிப்போம், மழை பெய்தாலும் குடிப்போம். தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டால் யாராவது அதை மருந்து என்று சொல்வார்களா?

"அப்ப ஒருக்கா ஈரலை ஸ்கேன் பண்ணிப் பாப்பம்," என்றார் டொக்டர். குரல் மெதுவாக இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியில் இருந்த நேரம்தான் இந்த முழு நோயிலும் மோசமானது. வேலை செய்யாத அந்த நொதியம் இடம் மாறச் சொல்லிவிட்டது, நாங்கள் சோடியைப் பிரிப்பதற்கு முன்பே ஆள் கிளம்பிவிட்டது என்று என் மூளை ஓடியது. சாவதைப் பற்றி அதுவரை வார்த்தையாக நினைத்ததில்லை, அன்று நினைத்தேன். மகள் கொழும்பில் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்தேன். ஒரு வசனமும் முடியவில்லை.

செல்வம் பக்கத்தில் இருந்து எழும்பினார், உட்கார்ந்தார், திரும்ப எழும்பினார்.

"கலா."

"என்னா?"

"அந்த பிளாஸ்குல கொத்தமல்லி மட்டும் இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கட்டு அனோதா எல போட்டேன். கடைக்கு வர்ற ஒருத்தரு சொன்னாரு. ஹுன்னஸ்கிரியில யாருக்கோ அதக் குடிச்சு நல்லாயிருச்சாம். கசப்புத் தெரியாம இருக்கத்தான் கொத்தமல்லியோட கருப்பட்டியும் போட்டு அவிச்சேன். ஒனக்குச் சொன்னா நீ குடிக்கமாட்ட, பாடம் எடுப்ப."

கட்டு அனோதா என்பது முள்ளுச் சீத்தாப்பழம். அதன் இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

"எவ்வளவு நாளா?"

"மொதல் ஊசி போட்டதுலேர்ந்து." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "நாளாக நாளாக எலயக் கூட்டினேன். கட்டி கரையுதுல்ல, அதான்."

கட்டி கரைந்தது தன்னுடைய இலையால் என்று அந்த மனிதன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய கழுத்தைப் பிடித்திருப்பேன். அதே நொடியில் இன்னொன்றும் வந்தது. இலைதான் காரணம் என்றால், நோய் ஈரலுக்குப் போகவில்லை! என் வாழ்க்கையில் ஒரு முட்டாள்தனத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஸ்கேனுக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன், அடிக்கிறேனா கட்டிப்பிடிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஈரலில் ஒன்றும் இல்லை. சுத்தம்.

செல்வத்தை இழுத்துக்கொண்டுபோய் டொக்டர் முன்னால் நிறுத்தினேன். எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். டொக்டர் கோபப்படவில்லை, அது இவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"அண்ணை, இலைதான் செய்தது எண்டு நூறு வீதம் சொல்லேலாது. எங்கட மருந்தாலயும் ஈரல் கோவிக்கும். ஆனா எனக்குத் தெரியாமல் ஒண்டு உள்ளுக்குப் போனா, நான் கண்ணைக் கட்டிப்போட்டு வைத்தியம் பாக்கிற மாதிரி. ஈரல் இப்பிடி இருந்தா கீமோ தரேலாது. கீமோ நிண்டா இவ்வளவு நாள் பட்ட பாடும் வீணாகும். எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டுறேன் டொக்டர். நான் இப்ப என்னா செய்யணும்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். பக்கத்தில இருங்கோ."

வெளியில் வந்ததும், "ஒண்ணும் செய்யாம இருக்கிறது லேசுப்பட்ட வேலையா?" என்று முணுமுணுத்தார். அவருக்கு அது உண்மையிலேயே கஷ்டம். அந்தக் கிழமை வீட்டில் உடையாத சாமான்களைக்கூடக் கழற்றிப் பூட்டினார். ஆனால் சொன்னபடி சும்மா இருந்தார். நான் வாந்தி எடுத்தால் முதுகைத் தடவினார், எடுக்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்து, அவளிடமும் இலைக் கதையைத் தானே தன் வாயால் சொன்னார். அவள் அழுதுவிட்டுப் பிறகு அப்பாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், வெறும் தேத்தண்ணி.

அடுத்த இரத்தச் சோதனையில் ஈரலின் இலக்கம் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. "இவ்வளவு காணும், இனி மருந்து ஏத்துவம்," என்று டொக்டர் சொன்ன அன்று, ஊசிக்குக் கையை நீட்டிய எனக்குப் பரிசு வாங்கப் போகிற மாதிரி இருந்தது. கீமோவுக்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று மிஸ்ஸி கேட்டார்.

அன்றைக்குத்தான் பரீதா தாத்தாவுக்கு முழுக்கதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"அல்லாவே, நானும் குடிக்கிறேனே புள்ள. அந்த எலதான். அது போக, கருஞ்சீரகமும் தேனும்."

"டொக்டருக்குச் சொன்னீங்களா?"

"ஏசுவாங்கன்னு சொல்லல்ல."

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு கட்டிலில் இரண்டு பேர் என்றால், வெளியில் கதிரைகளில் இருக்கிறவர்கள்? மருந்து ஏற்றி முடிந்ததும், கையில் பஞ்சை அமத்திக்கொண்டு காத்திருக்கும் கூடத்துக்குப் போனேன். ஒரு கூட்டத்தைக் கண்டால் பாடம் எடுக்காமல் என்னால் இருக்க முடியாது என்று செல்வம் சொல்வது சரிதான். மொட்டைத் தலையோடு முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. நான் ஒரு டீச்சர். எனக்கும் இந்தப் புற்றுநோய் வருத்தந்தான். ஒரு கேள்வி கேக்குறேன், யாரும் ஏசமாட்டாங்க. வீட்டுல கசாயம், எல, தூள் ஏதாச்சும் குடிக்கிறவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. எந்த வகுப்பிலும் முதல் கேள்விக்கு இதுதான் நடக்கும். எனக்குப் பின்னால் வந்து நின்ற பரீதா தாத்தா முதலில் தன் கையைத் தூக்கினார். பிறகு, நான் கேட்டதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்ல வந்த மிஸ்ஸி சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையில் ஒரு கை. ஜன்னலோரத்தில் இரண்டு. கொஞ்ச நேரத்தில் பாதிக் கூடம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. சிலர் தங்களுக்குப் பக்கத்தில் இருந்த புருஷனையோ மகளையோ பார்த்துக்கொண்டே தூக்கினார்கள்.

ஈரல் நொதியம் என்றால் என்ன, அது ஏன் கசிகிறது, கசிந்தால் ஊசி ஏன் நிற்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னார். "குடிச்சது தப்பில்ல, சொல்லாததுதான் தப்பு. உள்ள போனதும் மொதல்ல அதச் சொல்லுங்க," என்று முடித்தேன். அன்று கிளினிக் வழமையைவிட நேரம் பிடித்ததாம். ஒவ்வொருவராக உள்ளே போய், தாங்கள் குடிப்பதையெல்லாம் டொக்டருக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வேலை பாத்தனீங்கள் டீச்சர்! கேட்டுக் கேட்டு வராத பதிலெல்லாம் ஒரே நாளில வருது," என்றார் வதனி.

மிச்சச் சுற்றுகள் முடிந்தன. ஒப்பரேசனும் முடிந்தது. கட்டி இருந்த இடத்தையும் கக்கத்துக் கணுக்களையும் எடுத்தார்கள், மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. மயக்கம் தெளிந்தபோது செல்வம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கை தூக்க முடியாமல் நோ. அந்த நோவை நான் பொறுத்துக்கொண்டேன், அது ஆறுகிற நோ.

நுணுக்குக்காட்டி முடிவு வர நாளெடுத்தது. எடுத்ததெல்லாம் கண்ணாடித் தட்டில் இருக்கிறது, யாரோ ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் கண்ணில் ஒரு கலம் படுமா படாதா என்பதுதான் என் மிச்ச வாழ்க்கை. பிள்ளைகள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போது 'பதறாதீங்க' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! எவ்வளவு உதவாத வார்த்தை அது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கூப்பிட்ட அன்று செல்வமும் மகளும் வந்திருந்தார்கள். பரீதா தாத்தாவும் தன்னுடைய முறைக்காகக் கூடத்தில் இருந்தார். உள்ளே போனோம். டொக்டர் வதனி எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் தானே எழும்பி நின்றார்.

"டீச்சர், ஒண்டும் இல்லை. மார்பிலயும் இல்லை, கணுவிலயும் இல்லை. தேடித் தேடிப் பாத்திருக்கினம். ஒரு கலம் கூட மிஞ்சேல்லை."

"திரும்பச் சொல்லுங்க டொக்டர்."

"ஒரு கலம் கூட இல்லை. ஊசி ரெண்டையும் வருசம் முடியுமட்டும் தொடருவம், ஒழுங்காச் செக் பண்ணுவம். ஆனா நீங்கள் பாஸ். முழுப் புள்ளியோட பாஸ்."

செல்வம் அங்கேயே சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். எல்லோரும் வழக்கம்போல பைலை அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் மாரியம்மனுக்குக் கரகம் பாலித்து, தலையில் தூக்கிக்கொண்டு வரும்போது எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். படித்து, டீச்சராகி, டவுனுக்கு வந்த பிறகு நான் ஒரு நாளும் போட்டதில்லை, போட வருமா என்றுகூடத் தெரியாது. வாயைத் திறந்தேன், வந்தது.

கூடம் முழுக்க அது கேட்டது. பிறகு மூன்றாம் வரிசையில், தலையில் துண்டு கட்டியிருந்த, எனக்கு முன்பின் தெரியாத ஒரு தோட்டத்துப் பெண் எழும்பி நின்று பதிலுக்குக் குலவை போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் போட்டாள். பரீதா தாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அழத் தொடங்கினார். மிஸ்ஸி மருந்து அறையிலிருந்து ஓடிவந்தார்.

"டீச்சர், மேக இஸ்பிரிதாலே!" இது ஆஸ்பத்திரி.

"தெரியும் மிஸ்ஸி," என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் போட்டேன்.